குளிர்கால ஜன்னலோரம்: செடியும் புத்தகமும் ஒரே மூலையில் ஒத்துப்போகுமா?

கேட்டவர்: ஜன்னலோரன்

வணக்கம். வெளியே மண் உறைந்து கிடப்பதால் அடுத்த மூன்று மாதத்துக்குத் தோட்டம் என்றால் வீட்டுக்குள்தான். ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறேன். 120 செ.மீ. அகல ஜன்னல், நேர் வெயில் விழாத பக்கம். ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர். பக்கத்து வெளிச்சுவரை ஒட்டிப் புத்தக அலமாரி. நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. தினமும் இரவு 7 முதல் 10 வரை அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும், அதே இடத்தில் ஏதாவது வளரவும் வேண்டும்.

அறை வெப்பம் 20 டிகிரி. ஈரப்பத மானி 27 சதவீதம் காட்டுகிறது. அறை ஏறக்குறைய 40 கன மீட்டர் இருக்கும்.

செடிக்கும் படிப்புக்கும் சேர்த்து ஒரே விளக்குப் போதுமா? செடிக்காக ஈரப்பதத்தைக் கூட்டினால் புத்தகங்கள் பூஞ்சை பிடிக்குமா? ஏற்கெனவே இருக்கும் மணி பிளான்ட் தொட்டிகளிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் பறந்துவந்து புத்தகப் பக்கத்தின் மேல் உட்காருகின்றன, அதற்கு என்ன வழி? சாப்பிட ஏதாவது, பார்க்க ஏதாவது என்று இரண்டு வகையும் சொன்னால் நல்லது.

நாற்றங்கால்

ஒரே விளக்கு வேண்டாம். காரணம் எளிது: படிக்கப் பக்கத்தின் மேல் 300 முதல் 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) போதும். லெட்டூஸ் மாதிரி இலைக்கீரைக்கு 10,000 லக்ஸ் வேண்டும், அதுவும் 14 மணி நேரம். செடிக்குப் போதுமான ஒளியில் உட்கார்ந்தால் கண் கூசும். கண்ணுக்கு இதமான ஒளியில் செடி வெளிறி, நூல் மாதிரி நீண்டு சாயும். உங்கள் ஜன்னலை நம்பவும் முடியாது. மேகம் மூடிய குளிர்கால நாளில் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்தால் சில நூறு லக்ஸ்தான் மிஞ்சும்.

செடி விளக்கு வாங்கும்போது பெட்டியில் "100 வாட்டுக்குச் சமம்" என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், உண்மையில் இழுக்கும் வாட்டைப் பாருங்கள். 60 × 30 செ.மீ. தட்டு ஒன்றுக்கு 30 வாட் வெள்ளை எல்.இ.டி. கணக்கு இதுதான்: அந்தப் பரப்புக்கு இலைக்கீரை கேட்கும் ஒளி வினாடிக்கு சுமார் 27 மைக்ரோமோல் (செடி பயன்படுத்தும் ஒளித்துகள்களை எண்ணும் அளவு). விளக்கிலிருந்து வருவதில் பாதி பக்கவாட்டில் சிதறிப் போகும் என்று வைத்தால் 54 தேவை. நடுத்தரமான எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 1.8 தரும், ஆக 30 வாட். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிந்தால் 0.42 யூனிட் மின்சாரம்.

தொங்கவிடும் உயரம் இலை நுனியிலிருந்து 15 முதல் 20 செ.மீ. சங்கிலியில் மாட்டினால் செடி வளர வளர ஏற்றிக்கொள்ளலாம். ஆணியில் நிரந்தரமாக அடித்துவிட்டால் முதல் வாரம் விளக்கு எட்டாத உயரத்தில் இருக்கும், நான்காம் வாரம் இலை விளக்கில் முட்டும். விளக்கின் வெளிப்பக்கத்தில், அதாவது நாற்காலி இருக்கும் பக்கம், 10 செ.மீ. அகல வெள்ளை அட்டையை இறக்கி ஒட்டுங்கள். கூச்சம் குறையும், சிதறும் ஒளியும் செடிக்கே திரும்பும்.

நேரத்தை டைமரில் காலை 5 முதல் மாலை 7 வரை வையுங்கள். நீங்கள் புத்தகத்தோடு உட்காரும்போது செடி விளக்கு தானாக அணைந்துவிடும். 24 மணி நேரமும் எரியவிட்டால் வேகமாக வளரும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

படிப்பு விளக்கு தனியாக: 2700 முதல் 3000 கெல்வின் (மஞ்சள் சாய்ந்த ஒளி), நிறங்களை இயல்பாகக் காட்டுவதை அளக்கும் நிறப் பிரதிபலிப்புக் குறியீடு 90 அல்லது அதற்கு மேல், தோளுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும். பென்சிலால் குறிப்பெடுக்கும் பழக்கம் இருந்தால் எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத் தோள். இல்லையென்றால் உங்கள் கை நிழலே வரியை மறைக்கும். மலிவான எல்.இ.டி. பல்ப் சில கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், அரை மணியில் தலை கனக்கும். கைபேசி கேமராவை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். திரையில் பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் அந்த பல்பை மாடிப்படிக்கு மாற்றிவிடுங்கள். அறையின் மற்ற பகுதியை முழு இருட்டாக வைக்காமல் ஒரு மங்கலான விளக்கு எரியவிடுவதும் நல்லது. வெளிச்சமான பக்கத்துக்கும் இருட்டுக்கும் மாறி மாறிப் போனால்தான் கண் சீக்கிரம் களைக்கும்.

என்ன விதைப்பது? குளிர்காலத்தில் முதலில் பலன் தருவது நுண்கீரைதான், அதாவது முளைத்த சில நாளிலேயே வெட்டிச் சாப்பிடும் இளங்கீரை. 25 × 25 செ.மீ. தட்டில் 3 செ.மீ. உயரத்துக்கு ஈரத் தேங்காய் நார்த்தூள். முள்ளங்கி விதை 12 முதல் 15 கிராம் பரப்பி, நார்த்தூளால் மூடாமல், விதையின் மேல் படியும்படி இன்னொரு தட்டை வைத்து அதில் ஒரு கிலோ எடை வையுங்கள். எடை இருந்தால்தான் வேர் மேலெழும்பாமல் கீழே இறங்கும். இரண்டு மூன்று நாளில் எடையை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்தால் 7 முதல் 10 நாளில் அறுவடை. பட்டாணி என்றால் 100 முதல் 120 கிராம், 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்தது. 10 செ.மீ. உயர்ந்ததும் கீழ்க்கணுவுக்கு மேலே வெட்டினால் இன்னொரு முறை துளிர்க்கும். நடுவதற்காக விற்கும் விதைகளில் பூஞ்சைமருந்து பூசியிருக்கலாம், அதை இப்படிச் சாப்பிடக்கூடாது. உணவுக்கென்றோ முளைகட்டவென்றோ விற்பதை வாங்குங்கள்.

மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் பதறித் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மறைந்தால் அது வேர்த்தூவி, வேரிலேயே வளரும் மெல்லிய இழை. மறையாமல் சிலந்தி வலைபோல் தண்டுகளுக்கு இடையே பரவி, புழுங்கிய வாடை அடித்தால் பூஞ்சை. அப்போது தட்டு முழுவதும் குப்பைக்கு.

லெட்டூஸ் விதையை மண் போட்டு மூடக்கூடாது, முளைக்க ஒளி வேண்டும். மண்ணின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்கள் முளைக்காமல் தூங்கிவிடும். ஹீட்டருக்கு மேலே வைத்துவிட்டு விதை சரியில்லை என்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. பார்ஸ்லி முளைக்க மூன்று நான்கு வாரமாகும். பேசிலுக்கு 20 டிகிரிக்குக் குறையாத இடம் வேண்டும், குளிர்ந்த கண்ணாடியில் இலை பட்டாலே கறுக்கும்.

காகிதக்காவலன்

ஈரப்பதம் பற்றி. முதலில் 27 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 4.8 கிராம் நீராவிதான் தாங்கும். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் 17.3 கிராம் தாங்கக்கூடியது ஆகிவிடுகிறது. கையிருப்பு அதே 4.8. வகுத்தால் 28 சதவீதம். ஹீட்டர் காற்றை உலர்த்துவதில்லை, காற்றின் தாகத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

செடிக்கும் புத்தகத்துக்கும் இங்கே சண்டை இல்லை என்பதே நல்ல செய்தி. 40 முதல் 50 சதவீதம் இரண்டுக்கும் ஏற்றது. 30க்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் அட்டை வளையும், பழைய பைண்டிங்கின் பசை உலர்ந்து வெடிக்கும். 65க்கு மேலே வாரக்கணக்கில் இருந்தால் பூஞ்சை. 45ஐக் குறிவையுங்கள். ஒரு நாள் 30, மறுநாள் 60 என்று ஊஞ்சலாடுவதுதான் காகிதத்துக்குப் பெரிய கெடுதல். அது ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்குகிறது.

கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் யோசனை இனி வரும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் அறையில் மணிக்குப் பாதியளவு காற்று மாறுகிறது என்று வைத்தால் 45 சதவீதத்தைப் பிடித்துவைக்க மணிக்கு 60 கிராம், நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். 30 × 20 செ.மீ. தட்டிலிருந்து ஒரு நாளைக்கு 100 முதல் 150 மி.லி. போனால் அதிகம். இலையில் தண்ணீர் தெளிப்பதும் அப்படியே, சில நிமிடத்தில் காய்ந்துவிடும். ஒன்றரை லிட்டருக்கு ஈரமூட்டும் கருவிதான் வழி. அதிர்வால் நீரைப் பனிபோல் தெளிக்கும் மீயொலி வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள உப்பு வெள்ளைப் பொடியாகப் புத்தகத்தின் மேல்விளிம்பில் படியும், துடைத்தால் கீறும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், அல்லது ஈரத்திரி வழியே காற்றை இழுக்கும் வகையை வாங்குங்கள். எதுவானாலும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். புகைபோல வரும் ஈரம் அலமாரியை நோக்கி இருக்கக்கூடாது.

உங்கள் அமைப்பில் என்னை உறுத்துவது ஈரப்பதம் அல்ல, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி. அறை நடுவில் 45 சதவீதம் இருந்தாலும், அலமாரிக்குப் பின்னால் சுவர் 11 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால் அந்தச் சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 ஆகிவிடும். 8 டிகிரிக்கு வந்தால் நீர்த்துளியே கோக்கும். மானி நன்றாகத்தான் காட்டும், பின்வரிசைப் புத்தகங்கள் முதுகில் பூத்திருக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளுங்கள், கீழேயும் மேலேயும் காற்றுப் போக வழி விடுங்கள், புத்தகங்களை இடித்து அடுக்காதீர்கள். முடிந்தால் உட்சுவருக்கே மாற்றிவிடுங்கள். மானியை ஓரிரு நாள் பின்வரிசையில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அலமாரியின் மேல்தட்டில் தொட்டி வேண்டவே வேண்டாம். அடித்தட்டு இருந்தாலும் ஒருநாள் வழியும். தொட்டிக்கும் புத்தகத்துக்கும் ஒரு கை நீளம் இடைவெளி இருக்கட்டும்.

ஜன்னலோரன்

இருவருக்கும் நன்றி. அலமாரியை இழுத்து வைக்கிறேன். இரண்டு சந்தேகம். கையில் ஏற்கெனவே ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்கு ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? பூ என்று எதையும் யாரும் சொல்லவில்லையே?

நாற்றங்கால்

ஊதா விளக்கில் செடி வளரும், பழுதில்லை. ஆனால் அந்த ஒளியில் இலையின் நிறமே தெரியாது. மஞ்சளித்தது, புள்ளி விழுந்தது, பூச்சி ஒட்டியிருப்பது எதுவும் கண்ணுக்குப் படாது. படிக்கும் மூலைக்கு அது பொருந்தவும் பொருந்தாது. வேறு அறையில் நாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிழங்குப்பெட்டி

பூவுக்குக் கிழங்குச் செடிகள். இதில் ஒரு விஷயம் புரிந்தால் போதும்: ஹயசின்த், டூலிப், டாஃபடில் போன்றவற்றுக்குக் குளிர்காலம் கடந்துபோனதாக நம்பவைக்க வேண்டும். 4 முதல் 9 டிகிரியில் இருட்டில் ஹயசின்த் 10 முதல் 14 வாரம், டூலிப் 12 முதல் 16 வாரம். அதற்குமுன் வெளியே எடுத்தால் இலை வரும், பூத்தண்டு இலைக்குள்ளேயே குட்டையாக நின்றுவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் ஆப்பிள் போன்ற பழங்கள் இருக்கும் பெட்டியில் வைக்காதீர்கள். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளேயே மொட்டைக் கருக்கிவிடும். காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் வியர்த்து அழுகும்.

இப்போதே தொடங்கிச் சீக்கிரம் பூ பார்க்க வேண்டுமென்றால் குளிர் தேவைப்படாத இரண்டு வகை உண்டு. ஒன்று அமரில்லிஸ். கிழங்கைவிட 3 செ.மீ. மட்டுமே அகலமான தொட்டியில், மேல் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியும்படி நடுங்கள். துளிர் எட்டிப் பார்க்கும்வரை தண்ணீர் மிகக் குறைவு. 6 முதல் 10 வாரத்தில் பூக்கும். பூத்தண்டு கனத்தால் சாயும், அதனால் கனமான மண்தொட்டியே நல்லது. இன்னொன்று பேப்பர்வொயிட் நார்சிசஸ். கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல் நிரப்பிக் கிழங்கின் அடி மட்டும் நீரைத் தொடுமாறு வைத்தால் 4 முதல் 6 வாரம். கிழங்கு மூழ்கினால் அழுகும்.

பேப்பர்வொயிட் வீட்டுக்குள் அளவுக்கு மீறி வளர்ந்து விழும். வேர் விட்டுப் பச்சைத்துளிர் 3 முதல் 5 செ.மீ. வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு 4 முதல் 6 சதவீத ஆல்கஹால் கரைசல் ஊற்றுங்கள். தண்டு மூன்றில் ஒரு பங்கு குட்டையாகும், பூ சிறுக்காது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துச் சொன்ன முறை இது. 40 சதவீத மது என்றால் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர். பீர், ஒயின் கூடாது, அதிலுள்ள சர்க்கரை வேரைக் கெடுக்கும். 10 சதவீதத்தைத் தாண்டினால் செடிக்கே ஆபத்து.

மூடிய அறையில் பேப்பர்வொயிட் வாசனை சிலருக்குத் தலைவலி. மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்காரப் போகிறவர் என்பதால் சொல்கிறேன்: ஒரு கிண்ணத்தோடு தொடங்குங்கள். ஹயசின்த் கிழங்கைக் கையாளக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் அரிக்கும். இந்த வகைக் கிழங்குகள் எல்லாமே தின்றால் விஷம். வீட்டில் பூனை, நாய், தவழும் குழந்தை இருந்தால் எட்டாத உயரம்.

மண்ணுளி

ஈக்களுக்கு வருகிறேன். அவை பூஞ்சை ஈக்கள். பறப்பவற்றை அடிப்பதில் பலனில்லை, பிரச்சினை மண்ணில் இருக்கிறது. மேல் 3 செ.மீ. ஈர மண்ணில் முட்டையிடும், புழு அங்கேயுள்ள பூஞ்சையையும் மென்வேரையும் தின்னும், மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை. ஆகவே:

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். மணி பிளான்ட் மேல் 3 செ.மீ. மண் பொடிப்பொடியாகும்வரை தாங்கும். மஞ்சள் ஒட்டும் அட்டையை மண்மட்டத்தில் படுக்கவைத்து வையுங்கள். அது எண்ணிக்கை பார்க்கத்தான், ஒழிக்க அல்ல. புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து. கொசுப்புழுவுக்கு விற்கும் அதே சரக்கு. பெட்டியில் சொன்ன அளவில் தண்ணீரில் கரைத்து, வாரம் ஒருமுறை, நான்கு வாரம் விடாமல் ஊற்றுங்கள். இரண்டாம் வாரமே ஈ குறைந்தது என்று விட்டுவிட்டால் முட்டையில் இருந்தவை ஐந்தாம் வாரம் வந்து நிற்கும்.

ஈ வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கோடைகால அட்டவணையிலேயே தண்ணீர் ஊற்றுவது. குறைந்த ஒளியில் செடி குடிப்பதே குறைவு. "வாரம் இருமுறை" மாதிரிக் கணக்கெல்லாம் வேண்டாம். தண்ணீர் ஊற்றியவுடன் தொட்டியைத் தூக்கி எடையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தூக்கும்போது பாதியாகத் தோன்றினால் ஊற்றுங்கள். அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீர். அரை மணி கழித்து அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கீழிலை மஞ்சளித்து மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் கூடிவிட்டது. இலை நுனி மட்டும் பழுப்பானால் காற்று வறண்டது அல்லது உரம் அதிகம். ஓய்வில் இருக்கும் செடிக்கு உரமே வேண்டாம். விளக்கின் அடியில் வளர்வதற்கு மட்டும் பாதி அளவு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

ஹீட்டருக்கு மேலே நேராகத் தொட்டி வைத்தால் சிலந்திப்பேன் வரும். இலையின் அடியில் மணல்போல் புள்ளியும் மெல்லிய வலையும் தெரியும். குளியலறையில் இலையைத் திருப்பிப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை.

பக்கமடிப்பு

எல்லோரும் செடிப் பக்கமே சாய்ந்துவிட்டீர்கள். படிப்புக்கும் கொஞ்சம்.

மூன்று மணி நேரம் என்பது நீளம். புத்தகம் கண்ணிலிருந்து 40 செ.மீ. தூரத்தில், மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் சாய்த்து இருக்கட்டும். கழுத்து குனிந்தால் அரை மணிக்குள் தூக்கம் வரும், பழி புத்தகத்தின் மேல் விழும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 வினாடி ஆறு மீட்டருக்கு அப்பால் பார்க்க வேண்டும். அறைக்குள் அவ்வளவு தூரம் இருக்காது என்பதால் ஜன்னல் திரையை முழுக்க மூடாதீர்கள். தெருவிளக்கோ எதிர்மாடியோ தெரிந்தால் போதும். உலர்ந்த காற்றில் கண்ணும் எரியும். மேலே சொன்ன 45 சதவீதம் உங்களுக்கும்தான்.

எதைப் படிப்பது என்பதைவிட எதை எப்போது என்பது முக்கியம். ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம் வைத்துக்கொள்ளலாம்: ஒன்று தடித்த நாவல், இன்னொன்று பத்துப் பக்கத்தில் முடியும் கதையோ கட்டுரையோ. களைத்த நாளில் நாவலைத் திறந்து ஒரே பக்கத்தை மூன்று தடவை படிப்பதைவிட இரண்டாவதை எடுப்பது நல்லது. ஐம்பது பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லையென்றால் மூடிவிடுங்கள், பரீட்சை எதுவும் இல்லை. விதைக்கும் நாள், தொட்டி மாற்றும் நாள் எல்லாம் ஒலிப்புத்தகத்துக்கு. மண் கையால் காகிதத்தைத் தொட வேண்டியதில்லை, கைவேலைக்குக் கதை கேட்பது நன்றாகவே ஒத்துப்போகும்.

தோட்டக்கலைப் புத்தகம் படிப்பதானால் ஒரு எச்சரிக்கை. அதில் "டிசம்பரில் விதையுங்கள்" என்று இருந்தால் எழுதியவர் எந்த அரைக்கோளத்தில், எந்த அட்சரேகையில் இருந்து எழுதினார் என்று முன்னுரையில் பாருங்கள். மாதப் பெயரைவிடப் பகல் நீளம் நம்பகமானது. பகல் 10 மணி நேரத்துக்குக் குறையும் காலத்தில் வெளியே உள்ள கீரை ஏறக்குறைய வளர்வதை நிறுத்திவிடும். பகல் மறுபடி 10 மணி நேரத்தைத் தொடும் தேதியை நாட்காட்டியில் குறித்து, கண்ணாடிக் கூடாரத்திலோ மூடுதுணியின் கீழோ முதல் விதைப்பை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை விதைப்பட்டியல் படிப்பதும் படிப்புதான், ஆசையைத் தூண்டிச் செலவு வைக்கும் படிப்பு.

கிழங்குப்பெட்டி

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த மூலைக்குக் கிறிஸ்துமஸ் கள்ளியோ பாயின்செட்டியாவோ வாங்கும் எண்ணம் இருந்தால் இரவுப் படிப்பு விளக்குக்குத் தள்ளி வையுங்கள். இவை நீண்ட இருட்டைக் கணக்கிட்டு மொட்டு வைப்பவை. கள்ளிக்கு ஆறு வாரம்போல் தினமும் 13, 14 மணி நேரம் தொடர் இருட்டு வேண்டும், பாயின்செட்டியாவுக்கு எட்டு முதல் பத்து வாரம். நீங்கள் 10 மணிவரை விளக்கு எரித்தால் இலை செழிக்கும், மொட்டு வராது. காலை 5 மணிக்கு எரியும் செடி விளக்கும் இதே கெடுதலைச் செய்யும். மொட்டு பட்டாணி அளவுக்கு வந்தபிறகு கொண்டுவந்து வைத்தால் ஒளி பாதிக்காது. ஆனால் வைத்த இடத்திலிருந்து அடிக்கடி நகர்த்தினால் மொட்டு உதிரும்.

ஜன்னலோரன்

கள்ளி ஒன்று ஏற்கெனவே நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டு வருடமாகப் பூவே இல்லை. மாலை 5 மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடிக் காலை 7க்குத் திறந்தால் போதுமா, இல்லை வேறு அறைக்குத்தான் மாற்ற வேண்டுமா?

கிழங்குப்பெட்டி

பெட்டி போதும், ஓட்டை இல்லாததாகப் பாருங்கள். ஆனால் ஹீட்டர் பக்கத்தில் பெட்டிக்குள் சூடு ஏறும், அது மொட்டைத் தடுக்கும். ஆள் புழங்காத, இரவில் 10 முதல் 15 டிகிரி இருக்கும் அறை இருந்தால் அதுவே சுலபம். அந்தக் குளிரில் இருட்டுக் கணக்கு சற்றுப் பிசகினாலும் மொட்டு வைத்துவிடும்.